மூச்சுக்குழி

உறைபனி நாளில்தான் மலை மாட்டிக்கொள்ளும்.
கோடையில் கேட்டால் ஒன்றும் சொல்லாது;
புல், புதர், கல், எல்லாம் ஒரே முகம்.
மைனஸ் பன்னிரண்டில் மட்டும்
பீச் மரங்களுக்கு நடுவே வெள்ளை விரிப்பில்
கைக்குட்டை அகலத்தில் கறுப்பாய் ஓர் ஓட்டை.
விளிம்பில் பாசி பச்சையாகவே இருக்கும்.
கையை நீட்டினால் ஈரமான வெதுவெதுப்பு.
கீழே ஏதோ பெரிதாக மூச்சுவிடுகிறது.

ஏழு குளிர்காலத்துக்கு முன்
அதைக் கண்டுபிடித்தது சங்கம் அல்ல, ரோக்கின் நாய்.
போய்ப் படுத்தது. இழுத்தாலும் எழவில்லை.
பதிவேட்டில் 'நாய்க்குழி' என்று எழுதினேன்.
செயலாளர் நான்; பெயர் வைப்பதுதான் என் சம்பளம்.

ஏன் குளிர்காலத்தில் என்று அக்கா கேட்பாள்,
லுப்லியானாவில் ஹீட்டரை அணைத்தபடி.
மேலே தண்ணீர் உறைந்து கிடந்தால்தான்
கீழே எங்களுக்கு வழிவிடும்.
அதோடு உள்ளே எப்போதும் எட்டு டிகிரி,
வீட்டுக்குள் நுழைவது மாதிரி, என்பேன்.
நீ வீடே பார்த்ததில்லை, என்பாள்.

முட்டைக்கோஸ் ஊறுகாய் வந்த நீல வாளிகள்.
பிளாஷ் தோண்ட, நான் நிரப்ப, நேஷ்கா இழுக்க,
ரோக்கின் வயிற்றின்மேல் ஏறி வாளி ஊர்ந்துபோகும்.
வாயிலில் வாங்கிக் கொட்டுவது ஷ்தெஃப்கா.
அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் உலோகம்,
உள்ளே இறங்க டாக்டர் தடை.
எட்டு மணிக்குள் தலை தெரியாவிட்டால்
மீட்புப் படைக்கு ஃபோன்: அதுவும் அவள் வேலை.
ஒருமுறை எட்டு மூன்றுக்கு வந்தோம்.
திட்டவில்லை.
தெர்மாஸைத் திறந்து
தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டாள்.

போன ஜனவரியில் பிளாஷின் கடப்பாரை
கல்லில் இடிக்காமல் உள்ளே போனது.
காற்றில் ஆடியது.
மூச்சை முழுக்க விட்டால்தான் நெஞ்சு நுழையும் இடுக்கு;
விட்டேன்.
முழங்கைத் தோலைக் கொடுத்து அந்தப் பக்கம் போனேன்.

எழுந்து நிற்க முடிந்தது.
ஏழு வருஷத்தில் முதல்முறை
என் உயரம் எனக்கு ஞாபகம் வந்தது.
ஒற்றை வௌவால், கட்டைவிரல் நீளம்,
ரோமம் முழுக்க நீர்மணி,
எங்களைக் கணக்கில் எடுக்காமல் தொங்கியது.
மனுஷக் கால் படாத தரை, என்று நேஷ்கா கிசுகிசுத்தாள்.
பட்டிருந்தது.
களிமண்ணில் ரப்பர் பூட்ஸ், சின்னக் கால்.
பிறகு சுவரில், கார்பைடு விளக்கின் கரியால்:
முடிவு. 1974. ஷ். கோ.

எங்கள் சங்கத்தின் பழைய குகை.
அடிவாரத்து வாசலில் புகுந்து
மூன்று மணி நேரம் ஏணியும் தவழலுமாய் வந்தால்
யார் வேண்டுமானாலும் நிற்கக்கூடிய இடம்.
ஏழு குளிர்காலம் நாங்கள் தோண்டியது
அவள் 'முடிவு' என்று எழுதிய கற்குவியலை,
பின்பக்கமிருந்து.
வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே எழுபது மீட்டர் பாறை.
திசைகாட்டியை அன்று
இரும்பு ஏணியோடு சேர்த்துப் பிடித்திருக்கிறாள்.

யார் சொல்வது என்று இடுக்குக்குள்ளேயே சண்டை.
ஏழு ஐம்பதுக்கு வெளியே வந்து
நான்தான் சொன்னேன்.

வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.
"டோனே இன்னும் ஒரு கல்லை நகர்த்தலாம் என்றான்.
எனக்குப் பசி.
முடிவு என்று எழுதிவிட்டேன்."
கொஞ்ச நேரம் பனியைப் பார்த்தாள்.
"எழுத்து எப்படி இருக்கிறது?"
"கோணல்."
சிரித்த சிரிப்பில் பீச் மரம் ஒன்று
சுமந்திருந்ததைக் கொட்டியது.

இரண்டையும் கூட்டினால்
பக்கத்து ஊர்ச் சங்கத்தின் குகையைவிட ஆறு மீட்டர் நீளம்.
அதை மட்டும் கொட்டை எழுத்தில் பதிந்தேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது
மலைக்கு இரண்டு வாய்.
ஓட்டை இப்போது கைக்குட்டை அல்ல,
மேஜை விரிப்பு.
நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது.
பக்கத்தில் ஷ்தெஃப்கா, காற்சட்டையைச் சுருட்டி,
முழங்கால்களுக்குக் காற்று காட்டிக்கொண்டு.